சாட்சி உருண்டை

அத்தியாயம் 11

போன வாரம் அண்ணியை நாம் விட்டுவிட்டு வந்தது துவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால். நாத்தனாரின் கால்சட்டைப் பையைத் துழாவியபோது கையில் ஒரு கடிதம் அகப்பட்டிருந்தது. படிக்கலாமா கூடாதா என்று மனசு பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கும்போதே கண் படித்து முடித்துவிட்டது.

'உங்கள் குட்டிப் பொம்மைகளைக் கண்காட்சியில் பார்த்தோம். எங்கள் பட்டறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. தங்குவதற்கு அறையும் தருவோம். வியாழக்கிழமை மாலை எங்கள் மேலாளர் அம்மா வருவார். அனுப்பியிருக்கும் படத்தையும் நிற அட்டையையும் பார்த்து ஒரு மாதிரிப் பொம்மை செய்து வையுங்கள்.'

'உங்கள்' என்ற வார்த்தையை மட்டும் அண்ணி நான்கு தடவை படித்தாள். ஒருத்தருக்கும் சொல்லலாம், இரண்டு பேருக்கும் சொல்லலாம். உறையைத் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒரே ஒரு பெயர். அவளுடைய பெயர் இல்லை.

கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த பையிலேயே வைத்துவிட்டாள். புருஷனிடம் மட்டும் சொன்னாள். "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

இன்று அந்த வியாழக்கிழமை.

"அண்ணி, மாவு ரெடியா?"

"இப்பதான்டி கிண்டி இறக்கினேன். சூடு ஆறட்டும்."

"ஆறிடுச்சா?"

"நீ கேட்டு ஒரு நிமிஷம்கூட ஆகல."

நாத்தனார் வாண்டு மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்து கதவுக்கு. கதவிலிருந்து வேலை மேஜைக்கு. முப்பத்தொரு வயதாகிறது, இன்னும் அவளுக்கு வீட்டில் வாண்டு என்றுதான் பெயர். அண்ணி கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது அவளுக்குப் பதினேழு. அன்றைக்கும் இப்படித்தான் ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷத்தில் நின்று நிதானமாக அவள் உட்கார்வது பொம்மை செய்யும்போது மட்டும்தான்.

வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது. சோளமாவும் வெள்ளைப் பசையும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து அடுப்பில் கிண்டி, மாவைப் பிசைந்து, அதில் நிறம் சேர்ப்பது அண்ணி. செய்து முடித்த பொம்மையின் மேல் பிரஷ்ஷால் சாயம் பூசுகிற வேலையே இங்கே கிடையாது. மூக்கு, உதடு, சட்டை, செருப்பு எல்லாவற்றுக்கும் மாவிலேயே நிறம் ஏறியிருக்க வேண்டும். அந்த மாவைக் கையில் வாங்கி, இரண்டு அங்குல உயரத்தில் ஒரு மனுஷியை எழுந்து உட்கார வைப்பது வாண்டு. அண்ணிக்கு அது வராது. அவள் ஒரு மூக்கு வைத்தால் உருளைக்கிழங்கு முளைத்த மாதிரி இருக்கும்.

வாண்டு போய்விட்டால் அண்ணியின் கையில் மிஞ்சப்போவது மாவு. விதவிதமான நிறத்தில், அழகழகான, வெறும் மாவு. மூன்று நாளாக அவளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது அதுதான். அது மட்டும்தானா என்று கேட்டால் பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

"பெரிய கடைக்காரங்க அண்ணி" என்றாள் வாண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "ஆர்டர் குடுத்தாலும் குடுப்பாங்க. அதான் மாதிரி கேட்டிருக்காங்க."

"அப்படியா" என்றாள் அண்ணி, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

"என் சின்ன ஸ்க்ரூ டிரைவர் எங்க?" என்று அந்த வீட்டு ஆண்பிள்ளை உள்ளே வந்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். தோளில் கருவிப் பை, காலில் ஒரே ஒரு ஷூ.

"பொம்மைக்குக் காதுல ஓட்டை போட எடுத்தேன்" என்றாள் வாண்டு.

"நீ காதுக்கு ஓட்டை போடு. நான் அங்க ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல நின்னுக்கிட்டு நகத்தால திருகறேன்."

"இந்தாங்க, பிடிங்க. கழுவிட்டுத்தான் தர்றேன்."

அவன் வாங்கிக்கொண்டான். தங்கையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு இருவரையும் பார்க்காமல் இன்னொரு ஷூவைத் தேடினான். "இன்னைக்கு ரெண்டு பேரும் சண்டை கிண்டை போடாம இருங்க, என்ன?"

"நாங்க எப்ப சண்டை போட்டோம்?" என்றாள் அண்ணி.

"சும்மா, பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொல்ற ஆளா நீங்க?"

"நேரமாச்சு" என்று அவன் கிளம்பிவிட்டான். ஷூ நாடாவைப் படியில் உட்கார்ந்துதான் கட்டினான்.

மாவு ஆறியது. வாண்டு குளிக்கப் போனாள். அண்ணி மேஜையில் பிளாஸ்டிக் தாளை விரித்தாள்.

நிற அட்டையை எடுத்து எதிரே சாய்த்து வைத்தாள். தீப்பெட்டி அளவு அட்டை. அதில் நன்றாக வறுத்த காபிக்கொட்டையின் நிறத்துக்கு ஒரு படி முன்னால் நிற்கிற ஒரு நிறம். பக்கத்தில் படம்: தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்த நடுவயதுப் பெண், கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு ஊசி. அந்தப் பெண்ணின் முகமும் கையும் அட்டை நிறத்தில் இருக்க வேண்டும். மயிரிழை பிசகக்கூடாது என்று அடியில் எழுதியிருந்தது.

இந்த மாவின் குணம் என்னவென்றால், ஈரத்தில் ஒன்று பேசும், காய்ந்தால் வேறொன்று பேசும். காயக் காய நிறம் அடர்ந்துகொண்டே போகும். வெளிர் நிறம் என்றால் கொஞ்சம்தான் மாறும். அடர்ந்த நிறம் என்றால் ஒரேயடியாக இறங்கிவிடும். அதனால் அட்டையில் இருக்கும் நிறத்தைக் கலக்கக்கூடாது. அதற்கு முந்தின, முந்தின நிறத்தைக் கலக்க வேண்டும். எவ்வளவு முந்தின என்பது அண்ணியின் கண்ணில் இருந்தது, பாதி அவளுடைய நோட்டில் இருந்தது. இந்த அடர்த்தியில் அவர்கள் இதுவரை ஒரு பொம்மைகூடச் செய்ததில்லை.

பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுக்கிற சாயத்துக்கு இந்த வீட்டில் 'ஒரு தொடு' என்று பெயர். அண்ணி ஒரு தொடு பழுப்பு எடுத்து மாவில் வைத்தாள், பிசைந்தாள். இன்னொன்று. காவி அரைத் தொடு. மறுபடி பழுப்பு. கறுப்பு, குச்சியைத் தடவியும் தடவாமலும். இழுத்து, மடித்து, உருட்டி, மறுபடி இழுத்து. உள்ளே ஒரு கோடுகூட இல்லாமல் நிறம் கரைகிற வரைக்கும் பிசைய வேண்டும். அவள் கணக்கு, இருநூறு மடிப்பு.

எட்டாவது தொடு போனதும் கை நின்றது. சரியாக வந்துவிட்டது. பார்வைக்கு அட்டையைவிட நன்றாகவே வெளுத்து, பால் ஜாஸ்தியான டீ மாதிரி இருந்தது. இதுதான் காய்ந்தால் அதுவாகும்.

ஒன்பதாவது தொடு, பழுப்பு, குச்சி நுனியில் தயாராக இருந்தது.

எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதையும் வைத்துவிட்டால் இப்போது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இன்னொன்றும் சேர்த்தால் இன்னும் உத்தமம். மத்தியானம் வரைக்கும் பொம்மை சிரித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் அந்த மேலாளர் வரும் நேரத்துக்குச் சரியாக இருட்டிப் போயிருக்கும். 'அடடா, நிறம் ஒத்து வரலையே' என்று அந்தம்மா கிளம்பிவிடுவாள். வாண்டு இரண்டு நாள் அழுவாள். மூன்றாம் நாள், 'அண்ணி, மாவு ரெடியா?'

குளியலறையில் தண்ணீர் நின்றது.

அண்ணி குச்சியைப் பழைய செய்தித்தாளில் அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடம் கிழிந்தே போயிற்று. பிறகு, எப்போதும் செய்வதைச் செய்தாள். பிசைந்த மாவிலிருந்து மிளகளவு கிள்ளி உருட்டி, ஜன்னல் விளிம்பில் இருந்த பீங்கான் தட்டில் வைத்தாள். ஒவ்வொரு கலவையிலிருந்தும் இப்படி ஒன்று வைப்பது அவள் பழக்கம். பொம்மை காய்வதற்கு முன்னால் அந்தக் குட்டி உருண்டை காய்ந்து, நிறம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லிவிடும். அதற்குப் பெயர் சாட்சி.

மீதி மாவைத் தாளில் சுற்றி மூடினாள். "வாண்டு! முக்கால் மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். நான் போய் மெஷின் ஊசிக்கு மெல்லிசு கம்பி வாங்கிட்டு வர்றேன்."

"நீங்களா? நான் போறேனே."

"நீ குளிச்சுட்டு வெளியே போய் மறுபடி தூசியோட வருவியா? பொம்மை மூஞ்சியில மண்ணு ஒட்டும்."

உண்மை என்னவென்றால், அந்த அறையில் அவளுக்கு மூச்சு முட்டியது.

கம்பிக் கடையில் கம்பி வாங்கினாள், பாக்கிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டாள். கடைக்காரர் துரத்திக்கொண்டு வந்து கொடுத்தார். "என்னம்மா, யோசனை எங்கயோ இருக்கு?" வீட்டுக்குத் திரும்பினால் வாண்டு ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு, மேஜை விளக்கைத் தாழ இழுத்துக்கொண்டு.

"அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டியா?"

"நேரம் இல்ல அண்ணி. கம்பியை அங்க வச்சுடுங்க."

திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணியும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று நாளாக அவள் வாண்டு இருக்கிற பக்கமே நேராகப் பார்ப்பதில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடுமே! பக்கத்து அறையில் உட்கார்ந்து அவளுக்கு வந்த வேலையைச் செய்தாள்: துணிக் கட்டுகளுக்கு நிறம் நிறமாக மாவைத் தட்டி நறுக்குவது, அளவு நாடாவுக்கு மஞ்சளில் மெல்லிசாக ஒரு கீற்று, மெஷினுக்குக் கறுப்பு. தட்டையாக இருக்கிற எதையும் அவளால் செய்ய முடியும்.

ஒரு மணிக்கு வாண்டு எழுந்து வந்தாள். "முடிச்சுட்டேன். ஃபேன் முன்னால வச்சிருக்கேன். தொடாதீங்க."

"நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"இல்ல, சொன்னேன்."

இருவரும் சாப்பிட்டார்கள். அண்ணி தட்டில் உப்பு வைக்க மறந்திருந்தாள். வாண்டுக்கு அது தெரியவில்லை.

இரண்டரை மணிக்கு அண்ணி ஃபேன் பக்கம் போனாள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள்.

பொம்மை அவ்வளவு அழகாக இருந்தது. தையல்காரி குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் இரண்டு ஊசி. பேச வாயெடுத்து, ஊசி இருப்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்ட மாதிரி ஒரு வாய். வாண்டுவின் கை!

அப்புறம்தான் நிறம் உறைத்தது.

முகம் இருட்டிக் கிடந்தது. அட்டையைப் பக்கத்தில் வைத்தாள். அட்டை எங்கேயோ இருந்தது, முகம் எங்கேயோ இருந்தது. இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்தால் கரியாகிவிடும்.



நான் துடைத்தேனே! அந்தக் குச்சியைச் செய்தித்தாளில் துடைத்தேனே... துடைத்தேனா? துடைத்த மாதிரி நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் குச்சியை எடுத்ததே நினைவில்லாமல்தானே எடுத்தேன். நினைவில்லாமல் எடுத்த கை, நினைவில்லாமல் வைத்திருக்காதா? மனசில் நினைத்த பாவத்தை விரல் செய்து முடித்துவிட்டதா?

குப்பைக்கூடைக்கு ஓடினாள். கசங்கிய செய்தித்தாள் இருந்தது. கிழிந்த இடத்தில் பழுப்புக் கறை இருந்தது. அதுவும் மனசுக்குப் போதவில்லை. ஒன்றைத் துடைத்திருக்கலாம், இரண்டை வைத்திருக்கலாம்.

சாட்சி!

ஜன்னலுக்குப் போனாள். பீங்கான் தட்டில் மிளகளவு உருண்டை காய்ந்து, கல் மாதிரி கிடந்தது. அதை எடுத்து நிற அட்டையின் மேல் வைத்தாள். வைத்ததும் காணோம். கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அட்டையின் நிறத்துக்குள்ளேயே உருண்டை ஒளிந்துகொண்டுவிட்டது.

அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கலந்தது சரி. அவள் கை சுத்தம்.

அப்படியென்றால் இது யார் கை?

மேஜையில், வாண்டு பொம்மை செய்தது போக மீதி மாவு சுற்றிவைத்தபடி இருந்தது. அதைப் பிரித்து இரண்டாகப் பிட்டாள். உள்ளே, பழுப்பில் மெல்லிய கோடுகள். மரக்கட்டையை வெட்டினால் தெரியுமே, அந்த மாதிரி. இருநூறு மடிப்புப் பிசைந்த மாவில் கோடு இருக்காது. இருபது மடிப்பிலேயே பொறுமை போய், போதும் என்று விட்டுவிடுகிற ஆள் இந்த வீட்டில் ஒருத்திதான்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"ஏம்மா" என்றான் புருஷன். பின்னால் காற்று இரைந்தது. "ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"எங்க இருக்கீங்க?"

"லிஃப்ட் மேல. லிஃப்டுக்குள்ள இல்ல, கூரை மேல. இங்க வந்து நின்னா மனுஷனுக்கு எல்லாத் தப்பும் ஞாபகம் வருது."

"சொல்லுங்க."

"நீ லெட்டரைப் பார்த்துட்டேன்னு... நேத்தே அவகிட்ட சொல்லிட்டேன்."

"மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னேனே!"

"மூச்சு விடல. பேசித்தான் சொன்னேன். பாவம், அவ உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தா. 'அண்ணிக்குத் தெரியும், கவலைப்படாதே'ன்னேன். அதைக் கேட்டு அவ முகம் ஏன் அப்படிப் போச்சுன்னுதான் காலையிலேருந்து எனக்குப் புரியல."

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. இறங்கி வாங்க முதல்ல."

போனை வைத்தாள். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அண்ணிக்குத் தெரியும் என்று வாண்டுக்குத் தெரியும். தெரிந்தும் அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே மாவு கிண்டுகிறாள். அந்த மாவை அட்டையோடு வைத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. காய்ந்தால் மாறும் என்று வாண்டுக்குத் தெரியாமலில்லை. எவ்வளவு என்றுதான் தெரியாது. என்ன நினைத்திருப்பாள்?

நான் செய்ய நினைத்ததைத்தான் நினைத்திருப்பாள், என்று அண்ணிக்குப் பட்டது. கோபம் வருவதற்குப் பதிலாக முகம் சுட்டது.

"வாண்டு! இங்க வா."

வந்தாள். பொம்மையைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை தொடு வச்சே?"

"நான் எதுவும்..."

"எத்தனை தொடு?"

"மூணு." குரல் இறங்கிவிட்டது. "ரொம்ப வெளுப்பா இருந்துச்சு அண்ணி. அட்டைக்குப் பக்கத்துல வச்சேன், கிட்டவே வரல. நான் நினைச்சேன் நீங்க..."

"சொல்லு. நான்?"

"வேணும்னே பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்."

அண்ணி காய்ந்த உருண்டையை எடுத்து அட்டையின் மேல் வைத்துக் காட்டினாள். வாண்டு குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள், அங்கே உருண்டை இருக்கிறதா என்று. பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்னைத் திட்டுங்க அண்ணி."

"திட்டறதுக்கு நேரமில்ல. அந்தம்மா எத்தனை மணிக்கு?"

"ஆறு."

"இப்ப மணி?"

"மூணாகப் போகுது."

"முகமும் ரெண்டு கையும்தானே? அறுத்து எடு. சட்டை, மெஷின் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நான் புதுசா கலக்கறேன்."

வாண்டு தலையை நிமிர்த்தினாள். "எதுக்கு? நான் போறதுக்கா நீங்க உதவி பண்றீங்க?"

"உனக்காக இல்லடி. என் மாவை நிறம் தப்புன்னு ஒருத்தி சொல்லிட்டுப் போகக்கூடாது. எழுந்திரு. மூக்கைத் துடைச்சுட்டு கையைக் கழுவு."

இருநூறு மடிப்புக்கு அன்று நேரமில்லை. ஆனாலும் அண்ணி இருநூறும் பிசைந்தாள். வாய்விட்டு எண்ணினாள். நூற்றி நாற்பதில் வாண்டு கையை நீட்டினாள், "போதும் அண்ணி, குடுங்க." அண்ணி அந்தக் கையைத் தட்டிவிட்டு நூற்றி நாற்பத்தொன்று என்றாள். இருநூறு முடிந்த பிறகுதான் மாவைக் கொடுத்தாள். வாண்டு உருட்டினாள், கிள்ளினாள், அழுத்தினாள். ஊசி வைத்த அந்த வாய் இரண்டாம் தடவையும் அப்படியே வந்தது. முதல் தடவையைவிட இந்தத் தடவை கொஞ்சம் பயந்திருந்த மாதிரி இருந்தது.

ஐந்தரைக்கே மணி அடித்தது.

மேலாளர் அம்மாள் உயரமாக இருந்தாள். கழுத்துச் சங்கிலியில் மூக்குக்கண்ணாடி. டீ வேண்டாம் என்றாள், தண்ணீரும் வேண்டாம் என்றாள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொம்மையை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாண்டு மறுபடி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"செய்நேர்த்தி நல்லா இருக்கு" என்றாள் அந்தம்மாள். "ஆனா நிறம்? இவ்வளவு வெளுப்பா இருக்கே. அட்டை குடுத்திருந்தோமே, பார்க்கலையா?"

"இது இன்னும் ஈரம் மேடம். காய்ஞ்சா அட்டை நிறத்துக்கு வந்துடும்" என்றாள் வாண்டு.

"வரும்னு எப்படி நம்பறது?"

அண்ணி பீங்கான் தட்டை முன்னால் வைத்தாள். "காலையில இதே அளவுல கலந்த மாவு. காய்ஞ்சாச்சு. உங்க அட்டை மேல நீங்களே வச்சுப் பாருங்க."

அந்தம்மாள் உருண்டையை இரண்டு விரலால் எடுத்து வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி மாட்டினாள். அட்டையை விளக்குக்கு அருகே கொண்டுபோனாள். முதன்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கலவை யாரோடது?"



"என்னோடது" என்றாள் வாண்டு.

அண்ணி தட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஓர் ஓரம் உடைந்திருந்தது. எப்போது உடைந்தது என்று யோசித்தாள். வேறு எதையும் யோசிக்கக்கூடாது என்று யோசித்தாள்.

"அளவெல்லாம் எழுதி வச்சிருப்பீங்களே. காட்டுங்க."

வாண்டு அலமாரியிலிருந்து அண்ணியின் நோட்டை எடுத்து வந்தாள். சாயக் கறை படிந்த, முனை மடங்கிய நோட்டு. பதினான்கு வருஷமாக அலமாரியில் இருக்கிறது, அவள் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. அவளுக்கு எதற்கு? நிறம் தயாராகக் கைக்கு வந்துவிடும்.

திறந்தாள்.

தோல் நிறங்களுக்கு எண் போடாமல், இலக்கம் போடாமல், அண்ணி ஆட்களின் பெயரைப் போட்டு எழுதியிருந்தாள். 'மாமனார், வெயிலில் வந்ததும்.' 'மாமியார், காய்ச்சலுக்கு முன்னால்.' 'இவர், காதுக்குப் பின்னால் மட்டும்.' ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை தொடு, எதில், எத்தனை மடிப்பு.

"இதென்ன, மாமனார் மாமியார்னு இருக்கு?" அந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "நீங்கதான் எழுதினீங்களா? படிங்க, ஒண்ணு ரெண்டு."

வாண்டு பக்கத்தைப் புரட்டினாள். நின்றுவிட்டாள். பக்கம் முழுக்க அவள்தான்.

'வாண்டு. வெள்ளை ஓர் உருண்டை, பழுப்பு மூணு தொடு, காவி ஒண்ணு.'

'வாண்டு, கோபமாக இருக்கும்போது. மேலே சொன்னதோடு சிவப்பு அரைத் தொடு.'

'வாண்டு, பரீட்சையில் தோற்று வந்த அன்று. மஞ்சள் சேர்த்தேன். சரியாக வரவில்லை. மறுபடி பார்க்க வேண்டும்.'

'வாண்டு, தூங்கும்போது. இதுதான் ரொம்ப நல்ல நிறம். யாருக்கும் விற்கக்கூடாது.'

"படிங்க" என்றாள் அந்தம்மாள்.

வாண்டு படிக்கவில்லை. கோபமாக இல்லாமலேயே அவள் முகத்தில் சிவப்பு அரைத் தொடு ஏறியது. நோட்டை மூடி, மேஜையின் குறுக்கே அண்ணியின் பக்கம் தள்ளினாள்.

"இது என் கையெழுத்து இல்ல மேடம்."

"அப்போ?"

"மாவு, நிறம், அளவு எல்லாமே அண்ணி. எனக்கு ஒரு தொடுகூடத் தெரியாது. இன்னைக்கு மூணு தொடு வச்சு ஒரு பொம்மையையே பாழாக்கினேன். மூக்கு மட்டும்தான் நான்."

அந்தம்மாள் கோபப்படுவாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று பயந்தாள். அப்படி நடக்க வேண்டும் என்றுதானே காலையில் ஆசைப்பட்டாள்? இப்போது அது நடக்கக்கூடாது என்று இருந்தது.

அந்தம்மாள் எழுந்திருக்கவில்லை. வாண்டுவை விட்டுவிட்டு நாற்காலியை அண்ணியின் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"மூக்கு வைக்கத் தெரிஞ்சவங்க எங்ககிட்ட ஏழெட்டுப் பேர் இருக்காங்க" என்றாள். "நல்லாவே வைப்பாங்க. காய்ஞ்சா என்ன நிறம் வரும்னு முன்கூட்டியே சொல்ற ஆள்தான் கிடைக்கல. பெட்டி பெட்டியா தூக்கிப் போடறோம். நீங்க வர்றீங்களா?"

அந்த 'நீங்க' அறையின் நடுவில் விழுந்தது. வாண்டு அண்ணியைப் பார்த்தாள். அவள் கண்ணில் சட்டென்று ஒரு வெளிச்சம். "ரெண்டு பேருமா மேடம்?"

"இல்லம்மா." அந்தம்மாள் வாண்டுவின் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. "இடம் ஒண்ணுதான். இவங்களைத்தான் கேக்கறேன். எனக்கு நாளைக்குக் காலையில பதில் வேணும்."

வாண்டுவின் நடை நின்றுபோனது. காலையிலிருந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் அலைந்தவள், அறையின் நடுவில் அசையாமல் நின்றாள். அண்ணி எழுந்தாள். எழுந்தது எதற்கு என்று மறந்துபோயிற்று. ஜன்னலுக்குப் போனாள், அங்கே ஒன்றும் இல்லை. மேஜைக்கு வந்தாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள். மூன்று நாளாக அவள் ஒத்திகை பார்த்ததெல்லாம் வாசலில் நின்று வழியனுப்புகிறவளின் முகத்தைத்தான். கிளம்புகிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று அவள் நோட்டிலும் எழுதி வைக்கவில்லை.

வாசற்கதவு திறந்தது. தோளில் கருவிப் பையோடு புருஷன் உள்ளே வந்தான். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. உட்கார்ந்திருந்த அந்தம்மாளைப் பார்த்து அவசரமாக ஒரு வணக்கம் போட்டான். நடு அறையில் சிலையாக நின்ற தங்கையைப் பார்த்தான். ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்த பெண்டாட்டியைப் பார்த்தான்.

"என்ன, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்றான். "எப்போ கிளம்பறா?"

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரைக் கேக்கறீங்க?" என்றாள் அண்ணி.